எடை போட்டாச்சு, கணக்கில் வரலையே: எம்க்யூவில் சிக்கிய மெசேஜைத் தேடும் வழி

ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மெசேஜ்களை க்யூ, அதாவது வரிசை, வழியாகக் கொண்டுசேர்க்கும் மென்பொருள் ஐபிஎம் எம்க்யூ. அதில் ஒரு மெசேஜைக் காணோம் என்று யாராவது சொன்னால், முதலில் எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அது பெரும்பாலும் எங்கோ ஒரு க்யூவில்தான் உட்கார்ந்திருக்கும். எந்த க்யூ என்று தெரிந்துவிட்டால், எந்த உறுப்பில் பழுது என்பதும் பாதி தெரிந்த மாதிரி. சர்வரை அணைத்துப் போட்டால் அந்தத் தடயம் அழிந்துவிடும். சில சமயம் மெசேஜும் கூடவே போய்விடும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது நீலகிரிக்கு ஏற்ற ஓர் அமைப்பு. கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு க்யூ மேனேஜர், அதாவது க்யூக்களை வைத்து நடத்தும் எம்க்யூ சர்வர். குன்னூர் அலுவலகத்தில் நடு க்யூ மேனேஜர். ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) இருந்து வரும் பச்சை இலையை எடை போட்டதும் விவசாயி எண், எடை, ஈரக் கழிவு எல்லாம் ஒரு மெசேஜாகக் குன்னூர் போகும். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் இலை விலை எதிர்த்திசையில் வரும்.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடை மேடையில் உள்ள புரோகிராம், தொழிற்சாலை க்யூ மேனேஜரில் ஒரு ரிமோட் க்யூவின் பெயரைச் சொல்லி மெசேஜைப் போடுகிறது. ரிமோட் க்யூ என்பது பெயரில்தான் க்யூ, அதில் எதுவும் தங்காது. பர்லியாறு பக்கம் சாலையோரம் நிற்கும் வழிகாட்டிப் பலகை மாதிரி, எந்த க்யூ மேனேஜர், அங்கே எந்த க்யூ, எந்த டிரான்ஸ்மிஷன் க்யூ வழியாகப் போகவேண்டும் என்று மட்டும் சொல்லும். மெசேஜ் உண்மையில் விழுவது டிரான்ஸ்மிஷன் க்யூவில். அங்கிருந்து சென்டர் சேனல், அதாவது இரண்டு க்யூ மேனேஜரை இணைக்கும் தடத்தின் அனுப்பும் முனை, எடுத்து அனுப்பும். குன்னூரில் லிசனர், வழக்கமாக 1414 போர்ட்டில், காத்திருந்து இணைப்பை ஏற்கும். ரிசீவர் சேனல் மெசேஜை வாங்கி லோக்கல் க்யூவில் போடும். போட முடியாவிட்டால் டெட் லெட்டர் க்யூ. கடைசியில் கணக்குப் புரோகிராம் எடுத்துப் பதிவு செய்யும்.

ஆக, மெசேஜ் தங்க வாய்ப்புள்ள இடங்கள் தொழிற்சாலையின் டிரான்ஸ்மிஷன் க்யூ, குன்னூரின் லோக்கல் க்யூ, அப்புறம் இரண்டு பக்கத்து டெட் லெட்டர் க்யூக்கள். இவற்றின் ஆழத்தை, அதாவது உள்ளே எத்தனை மெசேஜ் இருக்கிறது என்பதை, எம்க்யூவின் கட்டளைக் கருவியான ரன்எம்க்யூஎஸ்சியில் பார்த்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள். கையில் இருப்பது வெப்ஸ்பியர் எம்க்யூ என்றோ எம்க்யூசீரீஸ் என்றோ தலைப்பிட்ட பழைய கையேடு என்றாலும் குழப்பம் வேண்டாம். 1993இல் வந்த எம்க்யூசீரீஸ்தான் 2002இல் வெப்ஸ்பியர் எம்க்யூ ஆகி, 2014இல் ஐபிஎம் எம்க்யூ ஆனது. மேலே சொன்ன உறுப்புகள் அன்றைக்கும் இவைதான்.

அறிகுறி: எந்தப் பிழையும் இல்லை, டிரான்ஸ்மிஷன் க்யூ மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

மலையில் அதிகம் பார்ப்பது இதைத்தான். எடை போடும் பையனுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஏனென்றால் அவனுடைய புரோகிராமின் வேலை டிரான்ஸ்மிஷன் க்யூவோடு முடிந்துவிட்டது. எம்க்யூவின் பலமே அதுதான்: லைன் இல்லாவிட்டாலும் எடை மேடை நிற்காது. லைன் இல்லை என்பது யாருக்கும் தெரியாமலே போவதற்கும் அதுவே காரணம்.

சென்டர் சேனலின் ஸ்டேட்டஸைக் கேளுங்கள். வரும் சொல்லைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

ரிட்ரையிங் என்றால் சேனல் முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் குந்தா, கூடலூர் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மண் சரிந்து கேபிள் அறுந்தால் இந்த நிலைதான் வரும். இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இயல்பு அமைப்பில் சேனல் முதலில் 60 வினாடிக்கு ஒரு முறை 10 தடவை முயலும். அதற்குள் லைன் வராவிட்டால், பிறகு 1200 வினாடிக்கு ஒரு முறைதான். லைன் வந்துவிட்டது, பிங் போகிறது, ஆனாலும் 15 நிமிடமாக மெசேஜ் நகரவில்லை என்றால் சேனல் தன் 20 நிமிடத் தவணைக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். கையால் ஸ்டார்ட் கொடுங்கள். லைன் அடிக்கடி போகும் இடங்களில் இந்த நீண்ட இடைவெளியை 300 வினாடி அளவுக்குக் குறைத்து வைப்பது நல்லது என்பது என் கருத்து. பெரிய டேட்டா சென்டருக்காக வைத்த எண்கள் மஞ்சூருக்குப் பொருந்தவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பிங் போகிறது, ஸ்டார்ட் கொடுத்தும் மறுபடி ரிட்ரையிங்கிற்கே போகிறது என்றால் குன்னூரில் லிசனர் ஓடுகிறதா என்று பாருங்கள். கரண்ட் போய் சர்வர் எழுந்ததும் க்யூ மேனேஜரை யாராவது கிளப்பிவிடுவார்கள், லிசனரை மறந்துவிடுவார்கள். லிசனரின் கன்ட்ரோல் அமைப்பு இயல்பில் மேனுவல் என்றே இருக்கும். அதைக் க்யூ மேனேஜரோடு சேர்ந்து எழும்படி மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

ஸ்டாப்டு என்றால் கதை வேறு. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள், அல்லது சேனல் தீர்க்க முடியாத பிழையில் நின்றிருக்கிறது. இது தானாக எழாது, மெசேஜ் விழுந்ததும் சேனலைக் கிளப்பிவிடும் டிரிகரும் எழுப்பாது. க்யூ மேனேஜரின் எர்ரர் லாகில் காரணத்தைப் படித்துவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள். படிக்காமல் கொடுத்தால் மறுபடி அங்கேயே நிற்கும்.

இன்ஆக்டிவ் என்றால் பயப்பட வேண்டாம், அது தூக்கம்தான். மெசேஜ் எதுவும் வராமல் 6000 வினாடி, அதாவது ஒன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவான நேரம் போனால் சேனல் தானாக இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். ராத்திரி இலை வராது, எனவே சேனல் தூங்கும். காலையில் முதல் மூட்டை எடை ஏறியதும் எழவேண்டும். எழவில்லை என்றால் டிரான்ஸ்மிஷன் க்யூவில் மூன்று விஷயம் பாருங்கள்: டிரிகர் இயக்கத்தில் இருக்கிறதா, வகை ஃபர்ஸ்ட் என்று இருக்கிறதா, டிரிகர் அடித்த தகவல் போய் விழும் இனிஷியேஷன் க்யூவாக சிஸ்டம் சேனல் இனிட்க்யூ போட்டிருக்கிறதா. மூன்றும் சரி என்றால், அந்த இனிஷியேஷன் க்யூவைக் கவனிக்கவேண்டிய சேனல் இனிஷியேட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஃபர்ஸ்ட் வகை டிரிகரில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. க்யூ காலியாக இருந்து முதல் மெசேஜ் விழும்போதுதான் அது அடிக்கும். சேனல் இனிஷியேட்டர் செத்துக் கிடந்த நேரத்தில் அந்த முதல் அடி வீணாகி, க்யூவில் மெசேஜ்கள் சேர்ந்துவிட்டால், அதன்மேல் இன்னும் ஆயிரம் மெசேஜ் விழுந்தாலும் புதிய மெசேஜுக்காக அது அடிக்காது. ஒரு தடவை கையால் சேனலைக் கிளப்பிக் க்யூவைக் காலி செய்துவிட்டால் பழையபடி வேலை செய்யும்.

ரன்னிங் என்று காட்டியும் நகரவில்லையா? நடுவில் உள்ள ரவுட்டர் சும்மா இருந்த இணைப்பைச் சத்தமில்லாமல் வெட்டியிருக்கலாம். சேனலின் ஹார்ட்பீட் இயல்பில் 300 வினாடி. ரவுட்டர் அதற்கு முன்பே வெட்டுகிறது என்றால் ஹார்ட்பீட்டைக் குறையுங்கள். இதன் மறுபாதி குன்னூரில் தெரியும்: பழைய ரிசீவர் இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, புதிதாக வரும் இணைப்பை 'சேனல் பயன்பாட்டில் உள்ளது' என்று திருப்பி அனுப்பும். குன்னூர் க்யூ மேனேஜரில் அடாப்ட் நியூ எம்சிஏ அமைப்பைப் போட்டால், புதியது வந்ததும் பழையதை அதுவே முடித்துவிடும்.

அறிகுறி: லாகில் ஏஎம்க்யூ9526, வரிசை எண் பொருந்தவில்லை

தொழிற்சாலைக் கம்ப்யூட்டர் பழுதாகி, பழைய பேக்கப்பில் இருந்து எழுப்பிய மறுநாள் வரும் பிழை. சேனலின் இரண்டு முனையும் இதுவரை எத்தனை மெசேஜ் கடந்தது என்று தனித்தனியே எண்ணி வைத்திருக்கும். பேக்கப் ஒரு முனையின் எண்ணைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது, அதனால் சண்டை.

இணையத்தில் தேடினால் எல்லோரும் ரீசெட் சேனல் கொடு என்பார்கள். சென்டர் பக்கம் கொடுத்தால் இரண்டு முனையும் ஒத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் இன்டவுட் என்ற புலம் எஸ் என்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். சேனல் மெசேஜ்களைக் கட்டுக் கட்டாக அனுப்பும், இயல்பில் கட்டுக்கு 50 வரை. கட்டை அனுப்பிவிட்டு 'வாங்கிக்கொண்டேன்' என்ற பதிலுக்குக் காத்திருக்கும்போது லைன் அறுந்தால், குன்னூர் அதைப் பதிந்ததா இல்லையா என்று சென்டருக்குத் தெரியாது. அதுதான் இன்டவுட். சாதாரணமாக லைன் வந்ததும் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். பேச முடியாத நிலையில்தான் நீங்கள் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

எப்படி? சென்டர் முனையில் நடப்புக் கட்டின் அடையாள எண்ணை எடுங்கள். குன்னூர் முனையில் கடைசியாகப் பதிந்த கட்டின் அடையாள எண்ணை எடுங்கள். இரண்டும் ஒன்று என்றால் குன்னூர் பதிந்துவிட்டது. ரிசால்வ் சேனலில் கமிட், அதாவது 'முடிந்தது, உறுதி' என்று கொடுங்கள். வேறு வேறு என்றால் பதியவில்லை. பேக்அவுட் கொடுங்கள், கட்டு டிரான்ஸ்மிஷன் க்யூவுக்கே திரும்பும். மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பதிந்த கட்டுக்குப் பேக்அவுட் கொடுத்தால் 50 பேருடைய இலை இரண்டு தடவை கணக்கில் ஏறும். பதியாத கட்டுக்குக் கமிட் கொடுத்தால் 50 பேருடைய இலை ஏறவே ஏறாது. இரண்டாவது நடந்தால் அடுத்த நாள் காலை சீட்டும் கையுமாக ஆபீஸ் வாசலில் கூட்டம் நிற்கும். முதலாவது நடந்தால் யாரும் வரமாட்டார்கள், அதனால் அதுதான் ரொம்ப நாள் கண்ணில் படாது.

பேக்கப்பில் இருந்து எழுப்பிய க்யூ மேனேஜரில் இன்னொரு ஆபத்து: பேக்கப் எடுத்த நேரத்தில் டிரான்ஸ்மிஷன் க்யூவில் இருந்த, ஆனால் அப்புறம் போய்ச் சேர்ந்துவிட்ட மெசேஜ்களும் உயிர் பெற்று மறுபடி வரிசையில் நிற்கும். சேனலைக் கிளப்பும் முன் அவற்றைப் பார்த்து ஒதுக்குங்கள். ஒரே சீட்டு எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்காத மாதிரி கணக்குப் புரோகிராமையே எழுதி வைப்பது இன்னும் மேல்.

அறிகுறி: டிரான்ஸ்மிஷன் க்யூ காலி, குன்னூர் க்யூவும் காலி

அப்படியானால் டெட் லெட்டர் க்யூ. அங்கே விழும் ஒவ்வொரு மெசேஜின் முன்னாலும் ஒரு தலைப்பு ஒட்டப்பட்டிருக்கும்: எந்த க்யூவுக்குப் போக வந்தது, என்ன காரணத்தால் போக முடியவில்லை என்ற எண். 2085 என்றால் அந்தப் பெயரில் க்யூவே இல்லை. 2053 என்றால் க்யூ நிரம்பிவிட்டது. இயல்பு உச்சவரம்பு 5000 மெசேஜ். கணக்குப் புரோகிராம் சனி ஞாயிறு நின்றுபோனால், பீக் சீசனில் இதை எட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. 2030 என்றால் மெசேஜ் அந்த க்யூவின் அளவு வரம்பைத் தாண்டிவிட்டது. இயல்பு வரம்பு 4 எம்பி. எடைச் சீட்டுக்கு இது வராது. யாரோ இலையின் போட்டோவைச் சேர்த்து அனுப்ப ஆரம்பித்திருப்பார்கள்.

காரணத்தைச் சரி செய்த பிறகு ரன்எம்க்யூடிஎல்க்யூ என்ற கருவிக்கு விதிகளை எழுதிக் கொடுத்தால், தலைப்பை நீக்கி உரிய க்யூவில் சேர்த்துவிடும். டெட் லெட்டர் க்யூவே வரையறுக்காத க்யூ மேனேஜரில், சேர்க்க முடியாத ஒரே ஒரு பெர்சிஸ்டன்ட் (சர்வர் நின்றாலும் அழியாத) மெசேஜ் வந்தாலும் சேனல் நின்றுவிடும். அதன் பின்னால் வரும் நல்ல மெசேஜ்களும் நிற்கும். டெட் லெட்டர் க்யூ நிரம்பினாலும் இதே கதி.

அறிகுறி: மெசேஜ் குன்னூரில் இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை

க்யூவின் ஸ்டேட்டஸில் ஐபிப்ராக்ஸ் என்ற எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் அந்த க்யூவை எடுப்பதற்காக எந்தப் புரோகிராமும் திறந்து வைத்திருக்கவில்லை. புரோகிராமை டிரிகர் கிளப்புவதாக இருந்தால் இனிஷியேஷன் க்யூ, ப்ராசஸ் வரையறை, டிரிகர் மானிட்டர் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். சேனலைக் கிளப்புவது சேனல் இனிஷியேட்டர், புரோகிராமைக் கிளப்புவது டிரிகர் மானிட்டர். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது, ஆழம் 40 என்கிறது, ஆனால் எடுக்கப் போனால் 2033, 'மெசேஜ் இல்லை' என்று வருகிறதா? இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஆழம் என்ற எண்ணில் இன்னும் கமிட் ஆகாத மெசேஜ்களும் சேர்த்தி. போட்டவர் கமிட் செய்யும்வரை மற்றவர் கண்ணுக்கு அவை தெரியாது. ஸ்டேட்டஸில் அன்காம் என்ற புலம் இதைச் சொல்லிவிடும். இரண்டாவது, புரோகிராம் எழுதியவரின் தவறு: ஒரு மெசேஜை எடுத்ததும் அதன் அடையாள எண் புரோகிராமின் விவரப் பகுதியில் நிரம்பிவிடும். அதை அழிக்காமல் அடுத்ததைக் கேட்டால், அதே எண்ணுள்ள மெசேஜைத்தான் தேடும். முதல் மெசேஜ் வருகிறது, இரண்டாவது வரவே மாட்டேன் என்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான்.

எடுக்கிறது, திருப்பி வைக்கிறது, மறுபடி எடுக்கிறது, இப்படியே சுற்றுகிறது என்றால் அது விஷ மெசேஜ். எடை இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து வந்திருக்கும், புரோகிராம் தடுக்கி ரோல்பேக் ஆகும். அதன் பேக்அவுட் கவுன்ட் ஏறிக்கொண்டே போகும். க்யூவில் பேக்அவுட் த்ரெஷோல்டும் பேக்அவுட் க்யூ பெயரும் கொடுங்கள். ஜாவாவின் ஜேஎம்எஸ் வழியாக எடுத்தால் அந்த வரம்பு தானாக மதிக்கப்படும். சி, கோபால் புரோகிராம்களில் நீங்கள்தான் எண்ணைப் பார்த்து ஒதுக்கவேண்டும்.

அறிகுறி: புரோகிராம் இணையவே இல்லை

2059 அல்லது 2538 என்றால் க்யூ மேனேஜரோ லிசனரோ ஓடவில்லை, இல்லாவிட்டால் முகவரி தப்பு. இணைந்த பிறகு 2085 வந்தால் க்யூவின் பெயர் தப்பு. ரன்எம்க்யூஎஸ்சியில் மேற்கோள் குறி இல்லாமல் சின்ன எழுத்தில் அடித்த பெயரை அது பெரிய எழுத்தாக மாற்றிவிடும், புரோகிராமோ சின்ன எழுத்திலேயே தேடிக்கொண்டிருக்கும்.

2035 என்றால் அனுமதி இல்லை. புரோகிராம் பக்கம் இதற்குமேல் ஒன்றும் சொல்லாது, வேண்டுமென்றேதான். விவரம் சர்வரின் லாகில் இருக்கும். ஏஎம்க்யூ9777 என்றால் 7.1 பதிப்பில் வந்த சேனல் விதிகள் தடுத்தன. ஏஎம்க்யூ5534 என்றால் பாஸ்வேர்டு சரிபார்ப்பில் விழுந்தது. ஏஎம்க்யூ8077 என்றால் அந்தப் பயனருக்கு அந்த க்யூவில் உரிமை தரப்படவில்லை. அவசரத்திற்கு எம்க்யூவின் நிர்வாகியான எம்க்யூஎம் பயனராக இணைந்து பார்க்கலாம் என்று நினைத்தால், இயல்பு விதிகள் முதலில் தடுப்பதே நிர்வாகி உரிமையோடு வெளியிலிருந்து வரும் இணைப்பைத்தான். விதிகளை மொத்தமாக அணைத்துப் போடுபவர்களும் உண்டு. வேண்டாம்.

அறிகுறி: விவசாயி பெயர் கேள்விக்குறியாக வருகிறது

எண்கள் சரி, பெயர் மட்டும் சிதைகிறது. ஒவ்வொரு மெசேஜின் விவரப் பகுதியிலும் எழுத்துத் தொகுதியின் எண் இருக்கும், யூடிஎஃப்-8க்கு 1208. எடுக்கும் புரோகிராம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு, அதன் பக்கத்து எண் 819 என்று இருந்தால், அந்த மேற்கு ஐரோப்பியத் தொகுதியில் தமிழுக்கு இடமே இல்லை; கேள்விக்குறிதான் வரும். கேள்விக்குறிக்குப் பதில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் எதிர்மாறான கோளாறு: உள்ளே இருப்பது யூடிஎஃப்-8, மேலே ஒட்டிய எண் 819. பெயரின் வால் மட்டும் வெட்டுப்பட்டால் புல நீளத்தைப் பாருங்கள். போஜன் என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூடிஎஃப்-8இல் 15 பைட்.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு மெசேஜ் எங்குமே இல்லை

உண்மையிலேயே தொலைவது இங்கேதான். நான்-பெர்சிஸ்டன்ட் மெசேஜ் க்யூ மேனேஜர் நின்றால் போய்விடும். பெர்சிஸ்டன்ட் மெசேஜ் லாகில் எழுதப்பட்டிருப்பதால் மீண்டு வரும். புரோகிராம் எதுவும் சொல்லாமல் க்யூவின் இயல்புக்கே விட்டுவிட்டால், இயல்பு நான்-பெர்சிஸ்டன்ட்தான். சரி என்று குன்னூர் க்யூவில் போய் மாற்றினால் பலன் இருக்காது: பெயரைத் தேடும்போது முதலில் எதிர்ப்படும் வரையறையின் இயல்புதான் எடுத்துக்கொள்ளப்படும், இங்கே அது தொழிற்சாலையில் உள்ள ரிமோட் க்யூ. ஏற்கெனவே க்யூவில் நிற்கும் மெசேஜ்களுக்கு இந்த மாற்றம் செல்லாது. சேனலின் வேக அமைப்பு ஃபாஸ்ட் என்று இருந்தால், கரண்ட் போகாமலே லைன் அறுந்தால்கூட நான்-பெர்சிஸ்டன்ட் மெசேஜ் நடுவழியில் தொலையலாம்.

பெர்சிஸ்டன்ட் என்று உறுதியாகத் தெரிந்தும் ஒரு மெசேஜ் இல்லை, ஆனால் விவசாயி கையில் அச்சடித்த சீட்டு இருக்கிறது என்றால் புரோகிராமின் வரிசையைப் பாருங்கள். மெசேஜைப் போட்டு, சீட்டை அச்சடித்து, அப்புறம் கமிட் செய்கிறதா? பிரிண்டர் ஓடும் அந்த ஒன்றிரண்டு வினாடியில் கரண்ட் போனால், எழுந்ததும் க்யூ மேனேஜர் கமிட் ஆகாததை ரோல்பேக் செய்துவிடும். பெர்சிஸ்டன்ட்டாக இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது. முதலில் கமிட், அது வெற்றி என்று பதில் வந்த பிறகே சீட்டு என்று மாற்றச் சொல்லுங்கள். நடுவில் கரண்ட் போனால் சீட்டு வராமல் போகலாம். அதை எடை எண்ணைக் கொடுத்து மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம்.